சீலிங் கழித்த விலை

எங்கள் பெயின்ற் கொம்பனி தொடங்கியபோது அதற்கு இருந்த மூலதனம் ஒரு ஏணி, இரண்டு ரோலர், பாண் சுடும் ஃபக்ரறியில் என்னுடைய சம்பளம். ஏணியையும் ரோலரையும் பற்றி என் கணவர் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வார். மூன்றாவதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

அது எண்பத்தைந்தாம் ஆண்டு. ஊரை விட்டு வந்து, பார்க்டேல் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில், ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருந்தோம். என் கணவர் ஊரில் தபால்கந்தோரில் வேலை பார்த்தவர். கொம்பனியில் அவருடைய பங்காளி அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருந்தார். அவர் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். வயதில் மூத்தவர் என்பதால் என் கணவர் அவரை அண்ணை என்பார். நானும் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன், ஆனால் மனதுக்குள் சங்கக்கடை அண்ணை. அவர் என்னைத் தங்கச்சி என்பார். காசு கேட்கும்போது மட்டும் பிள்ளை என்பார்.

இரண்டு பேரும் ஊரில் ஒரு சுவருக்காவது பெயின்ற் அடித்தவர்கள் இல்லை. ஆள் பிடித்து அடிப்பித்துவிட்டு, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று குறை சொன்னவர்கள். இங்கே ஒரு போத்துக்கீசக்காரனிடம் கொஞ்சக் காலம் சுவர் சுரண்டினார்கள். பிறகு ஒருநாள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே என் கணவர் சொன்னார்.

"உவன் எங்களை வைச்சு உழைக்கிறான். நாங்களே உழைப்பம்."

"அவனிட்டை என்ன இருக்குது, உங்களிட்டை என்ன இருக்குது எண்டு பாத்தீங்களோ?" என்று கேட்டேன்.

"அவனிட்டையும் ரோலர்தான் இருக்குது" என்றார்.

வேலை சுத்தம், அதில் நான் குறை சொல்லமாட்டேன். ஜன்னல் விளிம்பில் கோடு இழுத்தால் அச்சடித்த மாதிரி இருக்கும். தபால்கந்தோரில் முத்திரை குத்திப் பழகிய கை. பிரச்சினை சுவரில் இருக்கவில்லை, விலையில் இருந்தது.

விலை போடுவது சங்கக்கடை அண்ணை. அவருக்கு விலை என்றால் இரண்டே சங்கதி. கூலி, சாமான். இரண்டையும் கூட்டுவார், அடியில் கோடு போடுவார், முடிந்தது. வேறு எதைக் கேட்டாலும் ஒரே பதில்.

"உது சில்லறைச் செலவு, தங்கச்சி. சில்லறையையும் சேர்த்தா சனம் வேலை தராது."

அந்தச் சில்லறை எங்கிருந்து வந்தது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. என் கைப்பையில் இருந்து வந்தது.

வானுக்குப் பெற்றோல் சில்லறை. வானுக்கு இன்சூரன்ஸும் சில்லறை, அது என் இரண்டு கிழமைச் சம்பளத்தைத் தின்றது. வேலை செய்யும் வீட்டு வாசலில் வானை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் செருகிய பார்க்கிங் தண்ட ரிக்கற்றோடு திரும்பி வருவார்கள். அதுவும் சில்லறை. ஒருமுறை ஒரே கிழமையில் அதே தெருவில், அதே கம்பத்தடியில் இரண்டு ரிக்கற். கம்பத்தில் எழுதியிருந்ததை வாசிக்கவில்லையா என்று கேட்டேன். "வாசிச்சனான். அதில எங்களைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை" என்றார் என் கணவர்.

வானும் நல்ல வான்தான். பக்கக் கதவு உள்ளே இருந்து மட்டும் திறக்கும். சங்கக்கடை அண்ணை பின்பக்கத்தால் ஏறி, பெயின்ற் ரின்களுக்கு மேலால் தவழ்ந்துபோய்க் கதவைத் திறந்துவிடுவார். பார்க்கிறவர்கள் களவெடுக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். அந்த வானைக் களவெடுக்க ஒருவரும் வரவில்லை.

முதல் பனிக்காலத்தில் மிஞ்சிய பெயின்றை வானிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். மறுநாள் மூடியைத் திறந்தால் உள்ளே கல். எங்கள் ஊரில் பெயின்ற் காயும், பழுதாகும், களவு போகும். உறையும் என்று ஆர் கண்டது? சங்கக்கடை அண்ணை அந்த ரின்னைக் கொண்டுவந்து என் சோற்றுப் பானைக்குள் சுடுதண்ணீரில் வைத்து அடுப்பை மூட்டினார். உருகியது. ஆனால் திரைந்த பால் மாதிரி கட்டி வேறாக, தண்ணீர் வேறாக நின்றது.

"கலக்கினா சரிவரும்" என்று கலக்கத் தொடங்கினார். பின்னேரம் முழுக்கக் கலக்கினார். சரிவரவில்லை. பானையையும் எறியவேண்டி வந்தது.

அன்றிலிருந்து பெயின்ற் வீட்டுக்குள் வந்தது. "பாவம், அது குளிர் தாங்காது" என்றார் என் கணவர். நான் வந்திறங்கிய முதல் பனியில் காலுக்கு ஒழுங்கான சப்பாத்து இல்லாமல் பஸ்ஸுக்கு நின்றேன். அப்போது என்னைப் பார்த்து ஒருவரும் பாவம் என்று சொல்லவில்லை.

வீட்டுக்குள் என்றால் எங்கே? கொரிடோரில் வைக்கக் கட்டடக்காரர் விடமாட்டார்கள். முன்னறையில் வைத்தால் வருகிறவர்கள் பார்ப்பார்களாம், கொம்பனிக்கு மரியாதை இல்லையாம். ஆகவே படுக்கையறை. சுவர் ஓரமாக ரின்கள் ஒன்றன்மேல் ஒன்று. கதவுக்குப் பின்னால் ஏணி. ஜன்னல் விளிம்பில் ஜாம் போத்தல்களில், பெயின்ற் கழுவும் தின்னரில் ஊறும் தூரிகைகள். நான் படுக்கும் பக்கத்தில் கையை நீட்டினால் முதலில் தட்டுப்படுவது வெள்ளைப் பெயின்ற் ரின்தான், கணவர் இல்லை.

நிலத்தில் விரிக்கத் துணி வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்காரரின் கம்பளத்தில் பெயின்ற் சிந்தும். கடையில் விற்கும் விரிப்பு விலை கூட. ஒருநாள் நான் வேலையால் வந்தபோது என் இரண்டு நூல் சேலைகள் வெள்ளைப் புள்ளி விழுந்து குளியல் தொட்டிக்குள் கிடந்தன.

"இஞ்ச ஆர் நூல் சேலை உடுக்கினம்?" என்றார்.

"ஆர் உடுக்கினம் எண்டு கேக்காதேங்கோ. ஆற்ற சேலை எண்டு கேளுங்கோ."

"கழுவினாப் போயிடும்."

"கழுவுங்கோ, பாப்பம்."

அவர் கழுவவில்லை. நான்தான் கழுவினேன். போகவில்லை.

எங்கள் ஆட்களின் வீடுகளில் வேலை செய்வது இன்னொரு கூத்து. வேலை நடுவில் தேத்தண்ணீர், மத்தியானம் புட்டும் மீன்குழம்பும். வீட்டுக்கார அன்ரி பக்கத்தில் இருந்து பரிமாறுவா. சாப்பிட்டு முடிய வீட்டுக்காரர் வந்து, "தம்பியவை, நாங்கள் எல்லாரும் ஒரு ஆக்கள், பாத்துச் செய்யுங்கோ" என்பார். இவர்களும் பார்த்துச் செய்வார்கள். சாப்பாடு போட்ட வீட்டில் எப்படிக் கறாராகக் காசு கேட்பது என்று என் கணவர் என்னிடம் நியாயம் கேட்டார். ஒரு நீத்துப்பெட்டிப் புட்டு ஒரு அறையின் கூலியைத் தின்றுவிடும். அந்தப் புட்டை நான் வீட்டிலேயே அவித்துக் கொடுத்திருப்பேன்.

பிறகு ரெலிபோன். ஊரில் நான் ரெலிபோன் எக்சேஞ்சில் வேலை செய்தவள். ஆங்கிலம் காதால் வந்தது, வாயாலும் வந்தது. ஆகவே கொம்பனியின் கார்ட்டில் எங்கள் வீட்டு நம்பர் அச்சாகியது. காலை பாண் ஃபக்ரறி, பின்னேரம் ரெலிபோன். மொன்றியலில் இருக்கும் என் தங்கை எடுத்தால் என் கணவர் முன்னால் வந்து நின்று கையில் இல்லாத மணிக்கூட்டைக் காட்டுவார். லைன் வெறுமையாக இருக்கவேண்டுமாம், வேலை வருமாம். வந்த வேலையில் பாதி, "சமையலறைக்கு மட்டும் எவ்வளவு, அதைக் குறைச்சு எவ்வளவு" என்று கேட்டுவிட்டு வைக்கிற வேலை.

எண்பத்தாறு மாரிக் குளிரில் நான் பிள்ளைத்தாச்சியாக இருந்தேன். சித்திரையில் பிள்ளை. அதுவரைக்கும் தின்னர் மணத்தோடு சண்டை பிடிக்காமல் படுத்தவள்தான். இப்போது கதவைத் திறந்தாலே குமட்டியது. ஒருநாள் படுக்கையில் எழும்பி இருந்து சொன்னேன்.

"என்னைப் படுக்க வைச்சிட்டீங்கள், சரி. என்ர பிள்ளை உந்த ரின்களோட படுக்காது."

"ரெண்டு அறை வீடு எடுப்பம்" என்றார். நல்ல மனிசன், உடனே சொன்னார். காசு எங்கே என்பதை மட்டும் சொல்லவில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு வீடு இருந்தது. இரண்டு அறை, வெயில் விழும் சமையலறை. நான் போய்ப் பார்த்தேன். சின்ன அறைக்குள் நின்று, தொட்டில் எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன். வீட்டுக்காரர் முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் கையில் கேட்டார். மாசி மாதக் கடைசிவரை பொறுப்பதாகச் சொன்னார். ஒரு நல்ல வேலை வந்தால் போதும் என்று என் கணவர் சொன்னார். அது உண்மைதான். ஒரு நல்ல வேலை போதும்.

வேலை வந்தது. எங்களுக்கு அடுத்திருந்த பெரிய கட்டடத்தின் மனேஜர் ஒரு ஐரோப்பிய அம்மா. அவவின் ஆங்கிலமும் எங்களுடையதைப் போல வேறு எங்கோ இருந்து வந்து இறங்கியது. ஐந்து வீடுகள் வெறுமையாக இருக்கின்றன, புது ஆட்கள் வருமுன் அடிக்கவேண்டும் என்றா. சங்கக்கடை அண்ணை போய்ப் பார்த்துவிட்டு வந்து விலை போட்டார். நான் ரெலிபோனில் சொன்னேன். இரண்டு பேரும் மேசையில் சோற்றுக் கோப்பையோடு இருந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மனேஜர் ஒரு கேள்வி கேட்டா. இந்த விலையில் ஓவர்ஹெட் அடக்கமா?

எக்சேஞ்சில் இருந்த காலம் முழுக்க அந்தச் சொல் என் காதில் விழுந்ததில்லை. ரிசீவரை உள்ளங்கையால் பொத்தினேன்.

"ஓவர்ஹெட் சேர்த்த விலையோ எண்டு கேக்கிறா."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சங்கக்கடை அண்ணை மெதுவாகத் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். என் கணவரும் மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். மேலே சீலிங் இருந்தது.

"சீலிங்கைக் கேக்கிறா" என்றார் அண்ணை. "ஓவர் எண்டா மேல. ஹெட் எண்டா தலை. தலைக்கு மேல வேற என்ன இருக்குது?"

"சேர்த்துத்தான் எண்டு சொல்லும்" என்றார் என் கணவர்.

சொன்னேன். மனேஜர் யோசித்தா. இன்னொருவன் இதைவிடக் குறைவாகக் கேட்கிறான் என்றா. அதையும் இவர்களிடம் சொன்னேன். என் கணவர் சோற்றைக் குழைத்த கையை அப்படியே தூக்கிக்கொண்டு சொன்னார்.

"அப்ப சீலிங்கைக் கழிச்சு விலையைக் குறைப்பம். வெறும் வீட்டில ஆர் அண்ணாந்து பாக்கினம்?"

"கேட்டுச் சொல்லும் தங்கச்சி" என்றார் அண்ணை. "கால்வாசி குறைக்கலாம்."

நான் சொன்னது இவ்வளவுதான். வேண்டுமென்றால் ஓவர்ஹெட்டைக் கழித்துவிட்டுக் குறைந்த விலைக்குச் செய்து தருகிறோம்.

பிறகு மனேஜர் கேட்டா. "அதை எப்படிக் கழிப்பீர்கள்?"

"செய்யாமல் விடுவோம்" என்றேன். "நிறையப் பேர் அதைக் கவனிப்பதே இல்லை."

அவ சிரிக்கத் தொடங்கினா. இருமல் வருமளவும் சிரித்தா. இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருக்கிறேன், ஓவர்ஹெட் வேண்டாம் என்று தானாகச் சொன்ன கொந்தராத்துக்காரரை இன்றைக்குத்தான் காண்கிறேன் என்றா. அந்த விலைக்கே வேலையைத் தந்தா.

"என்னவாம்?" என்றார் என் கணவர்.

"நல்ல சந்தோஷமாம்."

"பாத்தீரோ" என்று சொல்லிவிட்டு மீன் துண்டை எடுத்தார்.

பின்னாளில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் என் கணவர், பிழையாக மொழிபெயர்த்தது நான் என்று சொல்வார். நான் பிழையாக மொழிபெயர்க்கவில்லை. அந்த அம்மா சொன்ன சொல்லை இவர்களுக்குச் சொன்னேன், இவர்கள் சொன்னதை அந்த அம்மாவுக்குச் சொன்னேன். எக்சேஞ்சில் எங்களுக்குச் சொல்லித் தந்த வேலை லைனைக் கொடுப்பது. அந்த லைனில் என்ன கதைக்கிறார்கள் என்பதற்கு எக்சேஞ் பொறுப்பில்லை.

ஐந்து வீடுகளையும் பகல் போதாமல் பின்னேரங்களிலும் சனி ஞாயிறிலும் அடித்து முடித்தார்கள். என் கணவருக்கு ஒரே பெருமை. சீலிங் ஓரம் முழுக்க ஒட்டுநாடா ஒட்டி அடித்தார்களாம், சீலிங்கில் ஒரு துளி பெயின்ற் படவில்லையாம். "வந்து பாரும், கத்தியால வெட்டின மாதிரி" என்றார். எனக்குப் படி ஏற முடியவில்லை, போகவில்லை. மனேஜர் காசோலை தந்ததும் அந்த இரண்டு அறை வீட்டுக்காரரிடம் போவது என்று கதைத்து வைத்திருந்தோம்.

காசோலைக்குப் பதிலாக ரெலிபோன் வந்தது.

"உங்கள் ஆட்களிடம் ஏணி இல்லையா?" என்று கேட்டா மனேஜர். வீடுகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறா. சுவர் எல்லாம் புதுசாம், மேலே பார்த்தால் ஒருவர் வருஷக் கணக்காகத் தேத்தண்ணீர் ஊற்றி வைத்த மாதிரி இருக்கிறதாம். அந்த வீடுகளில் இருந்தவர்கள் சிகரெற் குடித்தவர்கள். சுவர் வெள்ளையானதும் சீலிங்கின் கபில நிறம் இன்னும் கறுப்பாகத் தெரிந்திருக்கிறது.

"நீங்கள்தானே சீலிங் வேண்டாம் என்றீர்கள்?"

"நான் எப்போது சொன்னேன்?"

"ஓவர்ஹெட்டைக் கழித்த விலைக்குச் சம்மதம் என்றீர்களே."

அவவுக்கு அப்போதுதான் விளங்கியிருக்கவேண்டும். பிறகு, "மூன்று பேரும் இங்கே வாருங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டா.

அவவின் கந்தோர் கீழ் மாடியில், ஒரு மேசையும் மூன்று கதிரையும் கொள்ளும் இடம். எனக்கு ஒரு கதிரையைத் தந்தா. இவர்கள் இரண்டு பேரும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பொடியன்கள் மாதிரிச் சுவரோடு நின்றார்கள். ஓவர்ஹெட் என்றால் என்ன என்று அவ சொல்லத் தொடங்கினா. நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன்.

"வேலைக்கு வந்துபோற வானாம். அதின்ர பெற்றோல். அதின்ர இன்சூரன்ஸ்."

இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

"நிலத்தில விரிக்கிற துணியாம்."

என் கணவர் தலையாட்டுவதை நிறுத்தினார்.

"ரெலிபோனாம். அந்த ரெலிபோனை எடுக்கிற ஆளின்ர சம்பளமாம். சாமான் வைக்கிற இடத்துக்கு வாடகையாம். வேலை செய்யிறதுக்கு முன்னாலயும் பின்னாலயும் போற எல்லாச் செலவும் ஓவர்ஹெட்டாம். அதைச் சேர்க்காம விலை போடுறவன் தன்ர வீட்டை வித்துத்தான் மற்றவன்ர சுவருக்கு அடிக்கிறானாம்."

கடைசி வரி அவ சொன்னதில்லை. அதை நான் சேர்த்தேன். எக்சேஞ்சில் அப்படிச் செய்திருந்தால் வேலை போயிருக்கும்.

சங்கக்கடை அண்ணை மெதுவாகக் கேட்டார். "தங்கச்சி, உது எங்கட சில்லறையெல்லோ?"

"ஓம் அண்ணை. உங்கட சில்லறைக்கு இங்க இங்கிலிஷில ஒரு பேர் இருக்குது. சனம் அதைக் காசு குடுத்து வேண்டுதாம்."

"அவர் என்ன சொல்கிறார்?" என்று மனேஜர் கேட்டா.

"இந்தச் செலவுகளை அவர் சில்லறை என்பார்."

"அப்படியானால் அதை யார் கொடுக்கிறது?"

"நான்" என்றேன். "பாண் செய்து கொடுக்கிறேன்."

அவ என் வயிற்றைப் பார்த்தா. பிறகு இவர்களைப் பார்த்தா. ஆனால் கொந்தராத்தில் இரக்கம் காட்டவில்லை. ஐந்து சீலிங்கும் இதே விலைக்குள் அடிக்கவேண்டும், அடித்து முடிந்த பிறகுதான் காசோலை என்றா. சிகரெற் கறையை மறைக்க முதலில் ஒரு தனிப் பூச்சு, பிறகு இரண்டு தரம் பெயின்ற். அந்தப் பெயின்றும் எங்கள் செலவு. சங்கக்கடை அண்ணையின் உதடு கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. எனக்குக் கணக்குப் போடத் தேவை இருக்கவில்லை. மாசிக் கடைசிக்குள் காசோலை வராது. வந்தாலும் பெயின்ற் கடைக்குப் போக ஒன்றும் மிஞ்சாது.

"அந்த வீடு போச்சு" என்றேன் என் கணவரிடம்.

"வேற வீடு பாப்பம்."

"எந்தக் காசில?"

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கதிரையை விட்டு எழும்பிப் போயிருப்பேன். எழும்புவது அவ்வளவு சுகமான காரியமாக அப்போது இருக்கவில்லை. அதனால் இருந்தபடியே மனேஜரிடம் கேட்டேன். "நான் கழிக்கிறேன் என்று சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். அது கழிக்கிற சாமான் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது. தெரிந்துகொண்டும் அந்த விலையை எடுத்தீர்கள்."

"இது வியாபாரம்" என்றா. முகம் கொஞ்சம் சிவந்தது.

"சரி, வியாபாரம். சீலிங்கை அடித்துத் தருவோம், அது எங்கள் பிழை. நாங்கள் கழித்ததில் ஒன்றை மட்டும் திருப்பித் தாருங்கள்."

"எதை?"

"சாமான் வைக்கிற இடத்தை."

எங்கள் படுக்கையறையைப் பற்றிச் சொன்னேன். சுவர் ஓரத்து ரின், கதவுக்குப் பின்னால் ஏணி, ஜாம் போத்தல்கள். சித்திரையில் பிள்ளை என்றும் சொன்னேன். கெஞ்சவில்லை. கெஞ்ச எனக்குத் தெரியாது, அதனால் ஊரிலும் எனக்கு நல்ல பேர் இல்லை. இவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒரு மூலை இல்லையா என்று கேட்டேன்.

அவ பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தா. பேஸ்மென்ற்றில் பொயிலர் பக்கம் ஒரு அறை இருக்கிறது, முன்பு சைக்கிள் வைத்த இடம், குளிராது என்றா. அதைத் தரலாம். ஆனால் கட்டடத்தின் பின்படிக்கட்டுச் சுவரை மேலிருந்து கீழ்வரை அடித்துத் தரவேண்டும்.

"அடித்துத் தருவார்கள்" என்றேன். இதை நான் உடனே தமிழில் சொல்லவில்லை. சாவி என் கைக்கு வந்த பிறகுதான் சொன்னேன்.

"பின் படிக்கட்டும் அடிக்க வேணுமாம்."

"அதுக்கு எவ்வளவு தாறாவாம்?" என்றார் சங்கக்கடை அண்ணை.

சாவியைத் தூக்கிக் காட்டினேன்.

"உதென்ன?"

"உங்கட ஓவர்ஹெட்டில ஒரு துண்டு."

ஐந்து சீலிங்கையும் அடித்தார்கள். இவ்வளவு காலமும் சுவரைப் பார்த்து அடித்தவர்கள் இப்போது நாள் முழுக்க வானத்தைப் பார்த்து நின்றார்கள். என் கணவருக்குக் கழுத்துப் பிடித்து, தலையைக் கீழே குனிய முடியவில்லை. நாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு, சோற்றுக் கோப்பையைக் காணாமல் கையால் தடவித் தடவிச் சாப்பிட்டார். ரோட்டில் போனால் மழை வருமா என்று பார்த்துக்கொண்டு போகிற மனிசன் மாதிரி இருந்தது. சங்கக்கடை அண்ணைக்கு மயிர் எல்லாம் வெள்ளை. அதில் பெயின்ற் எது நரை எது என்று அவருக்கே தெரியவில்லை. எண்ணெய் சூடாக்கி இரண்டு பேரின் கழுத்துக்கும் கொடுத்தேன். அந்த நல்லெண்ணெய்க்கும் என்னிடம் கணக்கு இருக்கிறது என்று சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை, சிரிக்கக் கழுத்து இடம் கொடுக்கவில்லை.

பக்கத்துத் தெரு வீட்டை வேறு ஆட்கள் எடுத்துவிட்டார்கள். பாண் ஃபக்ரறிக்குப் போகும் பஸ் அந்தத் தெருவால்தான் போகும். சின்ன அறை ஜன்னலில் ஒரு மஞ்சள் திரைச்சீலை போட்டிருந்தார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. மஞ்சள் நல்ல நிறம்தான், அந்த ஜன்னலில் பிடிக்கவில்லை.

ரின்களைக் கொண்டுபோன சனிக்கிழமை என் கணவரும் அண்ணையும் நாலு மாடியும் பலமுறை ஏறி இறங்கினார்கள். எங்கள் லிப்ற் அன்று வேலை செய்யவில்லை. வேலை செய்திருந்தாலும் எங்கள் கட்டடக்காரர் பெயின்ற் ஏற்ற விட்டிருக்கமாட்டார். ஒவ்வொரு தரமும் என் கணவர் அறைக்குள் வந்து நின்று, "இது இருக்கட்டும், அடிக்கடி எடுக்கிறது" என்று ஒரு ரின்னையாவது விட்டுவைக்கப் பார்த்தார். நான் கட்டிலில் இருந்து விரலால் கதவைக் காட்டினேன். கடைசியாக ஏணி போனது. ஏணி போன பிறகு அந்தக் கதவு முழுக்கத் திறக்கும் என்று எனக்குத் தெரியவந்தது.

தரையில் ரின் இருந்த இடமெல்லாம் வட்டம் வட்டமாக அடையாளம். மணம் போக ஜன்னலை அந்தக் குளிரிலும் திறந்துவைத்தேன். இரண்டு போர்வைக்குள் கோட்டும் போட்டுக்கொண்டு படுத்தோம். பழைய சாமான் கடையில் ஒரு தொட்டில் வாங்கினோம். அதற்கு என் கணவர் வெள்ளைப் பெயின்ற் அடிக்கப் போனார். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

விலை போடும் முறை மாறியது. சங்கக்கடை அண்ணை கூலியும் சாமானும் கூட்டிக் கோடு போட்டதும் தாளை என்னிடம் தருவார். நான் இன்னொரு வரி சேர்த்துத் திருப்பிக் கொடுப்பேன். அவர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "இந்த விலைக்கு ஆர் தருவினம் தங்கச்சி?" என்பார். சிலர் தரவில்லை. புட்டுத் தந்தவர்கள்தான் முதலில் தராமல் போனார்கள். அந்த மனேஜர் அம்மா தந்தா. ஒவ்வொரு முறையும் ரெலிபோனில், இந்த முறை தலைக்கு மேலே இருப்பதும் சேர்ந்ததா என்று கேட்பா. சேர்ந்தது என்பேன். அவ சிரிப்பா. நான் சிரிப்பதில்லை, எனக்கு அது அவ்வளவு பகிடியாகப் படவில்லை.

பிள்ளை சித்திரையில் பிறந்தாள். ஆனியில் ஒரு பின்னேரம் என் கணவர் கதவைத் தட்டினார். திறந்தால், பெயின்ற் விசிறி அடிக்கும் பழைய மெஷின் ஒன்றை அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆரோ மலிவாகக் கொடுத்தார்களாம். மெஷினின் குழாயில் இருந்து தின்னர் சொட்டியது.

"இது எங்க போகுது?" என்றேன்.

"இண்டைக்கு மட்டும் அறைக்குள்ள இருக்கட்டும்."

"பேஸ்மென்ற் இருக்குதல்லோ."

"சாவி அண்ணையிட்டை. அண்ணை இன்னும் வரேல்லை."

"அப்ப அண்ணை வருமட்டும் நீங்களும் அதோட வெளியில இருங்கோ."

நான் பகிடிக்குச் சொல்கிறேனா என்று பார்த்தார். பிறகு மெஷினைக் கொரிடோரில் இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் சாமான் பையோடு போகும்போது தலையசைத்தார். இவரும் கொம்பனி முதலாளி மாதிரித் தலையசைத்தார். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்துக்கொண்டு, திறந்திருந்த கதவால் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை நித்திரையோ?"

"நித்திரை."

"அப்ப கதவைச் சாத்தும்" என்றார். "இஞ்ச மணக்குது."